மூன்று வருட பி.எஸ்ஸி.யுடன் ஜெர்மனியில் எம்.எஸ்ஸி.: முதலில் கிரெடிட்டை எண்ணுங்கள்

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் ஐந்தாவது செமஸ்டர் படிக்கிறேன். சிஜிபிஏ 7.8. இரண்டாவது செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தது. அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டேன். ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்க ஆசை. மூன்று வருட டிகிரியை அங்கே ஏற்க மாட்டார்கள் என்கிறார் ஒரு சீனியர். ஏற்பார்கள், ஃபீஸே கிடையாது, பார்ட் டைம் வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துவிடலாம் என்கிறது ஒரு கன்சல்டன்சி. அப்பா சிறிய கடை வைத்திருக்கிறார். கடன் வாங்கித்தான் அனுப்ப முடியும். யார் சொல்வது சரி? ரேங்கில் எந்தப் பல்கலைக்கழகம் மேலே இருக்கிறது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சீனியர் சொன்னதிலும் கன்சல்டன்சி சொன்னதிலும் பாதிப் பாதிதான் சரி. ரேங்க் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. சேர்க்கையில் உங்கள் சதவீதத்துக்கு முன்னால் அவர்கள் பார்ப்பது, நீங்கள் எந்தப் பாடத்தை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறீர்கள் என்பதை. 9.2 சிஜிபிஏ வைத்திருப்பவருக்கு நிராகரிப்புக் கடிதம் வருவதும், 7.5 வைத்திருப்பவருக்கு இடம் கிடைப்பதும் இதனால்தான்.

ஜெர்மன் பி.எஸ்ஸி.யும் பெரும்பாலும் மூன்று வருடம்தான். ஆனால் அது ஈசிடிஎஸ் என்ற ஐரோப்பிய அளவில் 180 கிரெடிட் கொண்டது. ஒரு ஈசிடிஎஸ் என்பது ஜெர்மனியில் 30 மணி நேர உழைப்பு; வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து. அந்த 180-இல் மொழிப்பாடம் கிடையாது. இயற்பியல், கணிதம், ஆய்வகம், கொஞ்சம் துணைப்பாடம், அவ்வளவுதான். நம் ஊர் பட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்கள் கல்லூரியில் எண்கள் கொஞ்சம் மாறும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் இரண்டும் சேர்ந்து 24. மேஜர் தியரியும் பிராக்டிகலும் 64. எலெக்டிவ் 12. அலைடு கணிதம் 10, அலைடு வேதியியல் 10. மீதி 20 சுற்றுச்சூழல் கல்வி, திறன் மேம்பாடு, விழுமக் கல்வி, என்எஸ்எஸ் வகையறா. இந்த 140-ஐ 180-ஆக விரித்தால் ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 1.29 ஈசிடிஎஸ். இது எல்லோரும் ஒத்துக்கொண்ட சூத்திரம் இல்லை, பல இடங்களில் பாட வாரியாக உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனாலும் நிலவரம் தெரிய இது போதும். மேஜரும் எலெக்டிவும் சேர்ந்து இயற்பியல் 76 கிரெடிட் என்பது சுமார் 98 ஈசிடிஎஸ். பரவாயில்லை. கணிதம் 10 என்பது 13 ஈசிடிஎஸ். இங்கேதான் இடிக்கும். சேர்க்கை விதியில் கணிதம் 20, 25 என்று கேட்கும் துறையில் உங்கள் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். மேதமேட்டிக்கல் ஃபிசிக்ஸ் தாளைக் கணிதத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று துறைக்கு எழுதிக் கேட்கலாம்; சில இடங்களில் சேர்ப்பார்கள்.

இன்னொரு பள்ளம் கோட்பாட்டு இயற்பியல். ஜெர்மன் மாணவர் பி.எஸ்ஸி.யிலேயே மெக்கானிக்ஸ், எலெக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம் மெக்கானிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்கல் ஃபிசிக்ஸ் என்று நான்கு கோட்பாட்டுத் தாள்களைத் தனித்தனியாக முடித்திருப்பார், ஒவ்வொன்றும் 8, 9 ஈசிடிஎஸ் அளவில். நம்முடையது ஒவ்வொன்றும் 4 கிரெடிட், அதாவது 5 ஈசிடிஎஸ். அதிலும் ‘மின்சாரமும் காந்தவியலும்’ என்று நாம் படிக்கும் தாளை அவர்கள் சோதனை இயற்பியலில் போட்டுவிடுவார்கள். மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் தொடங்கி, அலைப் பரவல், கதிர்வீச்சு, எல்லை நிபந்தனைகளோடு லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்ப்பது வரை போனால்தான் அது எலெக்ட்ரோடைனமிக்ஸ். தாளின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள், யூனிட் யூனிட்டாக சிலபஸைப் பார்ப்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு அட்டவணை போடுவது. முதல் பத்தியில் உங்கள் தாள், அடுத்ததில் கிரெடிட், அடுத்து வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அடுத்து யூனிட் தலைப்புகள், கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி.யில் அதற்கு இணையான பாடம். அவர்களுடைய பாடங்களின் விவரம் ‘மொடூல்ஹாண்ட்புக்’ என்ற பிடிஎஃப் ஆவணத்தில் இருக்கும். எம்.எஸ்ஸி.யின் சேர்க்கை ஒழுங்குமுறை ‘சூலாசுங்ஸ்ஆர்ட்னுங்’ என்ற பெயரில் தனி ஆவணமாகக் கிடைக்கும். ஜெர்மனில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாவது படியுங்கள். துறையின் ஆங்கிலப் பக்கத்தில் ‘தொடர்புடைய இளநிலைப் பட்டம்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை ஈசிடிஎஸ் என்ற எண்ணிக்கை இந்த ஆவணத்தில்தான் இருக்கும். சட்டப்படி செல்லுபடியாவதும் இதுதான்.

சிலபஸை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கல்லூரி இணையதளத்தில் மேலே கிடப்பது புது பேட்ச்சுக்கானதாக இருக்கலாம். நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷனை எடுங்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள தாள் குறியீடும் சிலபஸில் உள்ள குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் மதிப்பெண் பட்டியல் கல்லூரி தருவது, பட்டம் பல்கலைக்கழகம் தருவது. விண்ணப்பத்தில் ‘பட்டம் வழங்கும் நிறுவனம்’ என்ற இடத்தில் பல்கலைக்கழகப் பெயரைப் போடுங்கள். இதில் குழம்பிக் கல்லூரிப் பெயரைப் போட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத நிறுவனம் என்று திரும்பி வந்த விண்ணப்பங்கள் உண்டு.

அந்தப் பட்டியல் எது என்றால், அனாபின். வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களையும் பட்டங்களையும் ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்று காட்டும் அரசுத் தரவுத்தளம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ‘எச் பிளஸ்’ என்றிருந்தால் அங்கீகரிக்கப்பட்டது. ‘எச் பிளஸ் மைனஸ்’ என்றால் ஒவ்வொரு கேஸாகப் பார்ப்பார்கள். ‘எச் மைனஸ்’ என்றால் அந்தப் பட்டத்தை வைத்து முதுநிலைக்குப் போக முடியாது. எச் பிளஸ் இருந்தும் இந்திய மூன்றாண்டுப் பட்டத்தை எல்லா ஜெர்மன் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. சில இடங்கள் நேரடியாக ஏற்கும். சில இடங்கள் நான்கு வருடம் கேட்கும், அல்லது இங்கே எம்.எஸ்ஸி.யில் ஒரு வருடம் முடித்துவிட்டு வா என்னும். உங்கள் சீனியருக்கு வந்த பதில் இந்த இரண்டாவது வகையாக இருந்திருக்கலாம். ஒரு துறையின் பதிலை வைத்து நாட்டுக்கே முடிவு கட்ட வேண்டாம். துறையின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள்: பட்டம், பல்கலைக்கழகம், மொத்த கிரெடிட், மூன்றாண்டு. ‘என் புரொஃபைலுக்கு இடம் கிடைக்குமா’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘மூன்றாண்டுப் பட்டம் விண்ணப்பிக்கத் தகுதியானதா’ என்று குறிப்பாகக் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்வார்கள்.

கொஞ்சம் குறைந்தால் எல்லாம் போச்சு என்றில்லை. பல துறைகள் ‘ஆவ்ஃப்லாகன்’ என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும். விடுபட்ட பி.எஸ்ஸி. பாடங்களை முதல் வருடத்தில் கூடுதலாக எழுதித் தேற வேண்டும். கேட்க நன்றாக இருக்கும்; ஆனால் அந்தப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கும், எம்.எஸ்ஸி. பாடங்களுக்கு மேல் ஏறும் சுமை வேறு. 9 ஈசிடிஎஸ் வரை நிபந்தனை என்றால் துணிந்து போகலாம். 30 ஈசிடிஎஸ் என்றால் ஒரு முழு செமஸ்டர் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு செலவைக் கணக்கிடுங்கள்.

நீங்கள் இப்போது ஐந்தாவது செமஸ்டரில் இருப்பது நல்ல நேரம். ஆறாவது செமஸ்டர் எலெக்டிவ் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. எளிதாக மதிப்பெண் வரும் தாளை விட்டுவிட்டு, நியூமரிக்கல் மெத்தட்ஸ், மேதமேட்டிக்கல் ஃபிசிக்ஸின் இரண்டாம் பகுதி போன்றவை இருந்தால் அதை எடுங்கள். ஸ்வயம் என்ற அரசின் இணையவழிக் கல்வித் தளம் வழியாகக் கணிதப் பாடம் எடுக்கலாம். ஆனால் கல்லூரி முன்கூட்டியே அனுமதித்து, அந்த கிரெடிட் உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறினால்தான் அது கணக்கில் வரும். தனிச் சான்றிதழாகக் கையில் இருந்தால் ஆர்வத்தைக் காட்டும், ஈசிடிஎஸ் ஆகாது. புராஜெக்ட் இருந்தால் குழுவாகச் செய்து பைண்டிங் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்தாமல், உங்கள் பங்கு எது என்று வழிகாட்டி ஆசிரியரின் கடிதத்தில் வரும்படி செய்யுங்கள்.

இப்போது 7.8. ஜெர்மன் மதிப்பெண்ணில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. மாற்றுவதற்கு ‘மாற்றியமைத்த பவேரிய சூத்திரம்’ என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 4 என்றால்: 2.2-ஐ 6-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கினால் 1.1, கூட 1 சேர்த்தால் 2.1. அதே 7.8-க்குத் தேர்ச்சி 5 என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் 2.32. பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. இரண்டிலும் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். போட்டி அதிகமான இடங்களில் இந்த 0.2 வித்தியாசமே இடத்தைத் தீர்மானிக்கும். எனவே குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் எது என்பதை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கையெழுத்து, முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அந்த அலுவலகத்தில் கூட்டம் சேர்வது ரிசல்ட் வந்த பிறகு. இப்போதே போனால் வேலை சீக்கிரம் நடக்கும். அரியரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒன்று, அதுவும் அடுத்த முறையே தேறியது. மறைக்காதீர்கள், விளக்கமும் எழுதாதீர்கள்.

அடுத்தது ஏபிஎஸ் சான்றிதழ். உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவையா என்று புதுதில்லி ஜெர்மன் தூதரகத்தோடு இணைந்த பிரிவு சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு விசா விண்ணப்பத்துக்கு இது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கை விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும் வேண்டும். இதில் தாமதம் வருவது பெரும்பாலும் பெயரால். நம் சான்றிதழ்களில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், அல்லது அந்த இடம் காலியாகவே இருக்கும். ஜெர்மன் படிவம் எதிலும் குடும்பப் பெயர் இல்லாமல் நகர முடியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும், மொழித் தேர்வுப் பதிவிலும் எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ஒரு பெயரில், ஏபிஎஸ் இன்னொரு வரிசையில் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 இருந்தால் பெரும்பாலான ஆங்கிலவழி இயற்பியல் படிப்புகளுக்குப் போதும். ஆங்கிலவழியில் படித்தேன் என்ற கல்லூரிக் கடிதத்தை ஏற்கும் இடங்கள் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பினால் விண்ணப்பிக்கும் இடங்கள் சுருங்கிவிடும்.

விண்ணப்பம் இரண்டு வழி. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே வாங்குகின்றன. மற்றவை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக. யூனி-அசிஸ்ட்டில் ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. சில இடங்கள் யூனி-அசிஸ்ட்டிடமிருந்து ‘விபிடி’ என்ற முன்சரிபார்ப்பு ஆவணத்தை மட்டும் வாங்கி, அதைத் தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்லும். அது வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு விபிடிக்கு விண்ணப்பித்தவர் கட்டணத்தை இழந்தார் என்றே அர்த்தம்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கும், வகுப்புகள் அக்டோபர் நடுவில். பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 என்று எங்கும் எழுதியிருக்கும். நீங்கள் அதைப் பார்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பல துறைகள் மார்ச், ஏப்ரல், மே என்று தனித் தேதி வைத்திருக்கின்றன. ஜூலை 15 வரை வாங்கும் இடத்திலும், ஆகஸ்ட் கடைசியில் இடம் கிடைத்து அதற்கப்புறம் விசாவுக்கு நின்றால் அக்டோபருக்குப் போய்ச் சேர்வது சந்தேகம். ஐந்து செமஸ்டர் மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்க அனுமதிக்கும் துறைகளுக்கு வசந்த காலத் தேதிகளில் போடுங்கள். இறுதிச் சான்றைச் சேரும்போது காட்டலாம் என்று சேர்க்கை ஒழுங்குமுறையில் இருக்கிறதா பாருங்கள். முதல் முறை அமையவில்லையென்றால் அடுத்த வருடம் முழுப் பட்டத்தோடு, ஜெர்மன் மொழியை பி1 என்ற இடைநிலை வரை படித்துவிட்டுப் போடுவது தோல்வி ஒன்றும் இல்லை.

மோட்டிவேஷன் லெட்டர் ஒரு பக்கம். சிறுவயதில் நட்சத்திரங்களைப் பார்த்து வியந்த கதை வேண்டாம். எந்த ஆய்வுக்குழு, எந்த விருப்பப் பாடம், அதற்கு உங்கள் எந்தத் தாள் அடித்தளம் என்று எழுதுங்கள். பல்கலைக்கழகப் பெயரை மட்டும் மாற்றிப் பத்து இடத்துக்கு அனுப்பக்கூடிய கடிதம் எங்கேயும் வேலை செய்யாது.

இனி பணம். அப்பாவோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி இது.

ஃபீஸ் கிடையாது என்பது பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உண்மை. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை நிர்வாகப் பங்களிப்பு மட்டும் இருக்கும். விதிவிலக்குகளைக் கவனியுங்கள். பாடன்-வூட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஹைடல்பர்க், ஸ்டுட்கார்ட், ஃப்ரைபர்க், கார்ல்ஸ்ரூஹ எல்லாம் இந்த மாநிலம்தான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் இன்னொரு உலகம்.

விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட், அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு, காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ; அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் திரும்ப உங்களுக்கே வரும். இது ஒரு வருடத்துக்குத்தான். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். எம்.எஸ்ஸி. இயற்பியல் காகிதத்தில் நான்கு செமஸ்டர். ஐந்து ஆவது சகஜம். எனவே கடனை ஒரு வருடத்துக்குக் கணக்கிடாதீர்கள், இரண்டரை வருடத்துக்குக் கணக்கிடுங்கள். 992-இல் மருத்துவக் காப்பீடு மட்டும் 140 யூரோவைத் தாண்டும். சிறிய பல்கலைக்கழக நகரத்தில் மாணவர் விடுதி கிடைத்தால் மீதியில் ஓட்டலாம். மியூனிக்கில் தனியார் அறை எடுத்தால் ஓட்ட முடியாது. ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் சேர்க்கை வந்தால், பேர் பெரிய ஊரை விட விடுதி கிடைக்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பதே உங்கள் வீட்டு நிலைமைக்குப் புத்திசாலித்தனம். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே பாடத் தரத்தில் உள்ள வித்தியாசம் நம் நாட்டில் இருப்பதைப் போல மலைக்கும் மடுவுக்கும் ஆனதல்ல.

பார்ட் டைம் வேலை: 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ‘ஹிவி’ எனப்படும் உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் பத்து மணி நேரம் என்றால் மாதம் சுமார் 550 யூரோ. வாடகை அடையும், வாழ்க்கைச் செலவு முழுதும் அடையாது, கல்விக் கடன் தவணை நிச்சயம் அடையாது. மேலும் முதல் செமஸ்டரில் வேலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் அங்கே தேர்வு முறை.

பல பாடங்களில் வாரா வாரம் பயிற்சித் தாள் ஒன்று வரும். அதில் பாதி மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியும். ஒரு தாளைத் தீர்க்க எட்டு, பத்து மணி நேரம் சாதாரணமாகப் போகும். நான்கு பாடம் எடுத்தால் வாரம் அதிலேயே முடிந்துவிடும். புத்தகத்தில் உள்ள டெரிவேஷனை எழுதி மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுத் தேதியைத் தவறவிட்டால் வகுப்புக்குப் போயிருந்தும் தேர்வு இல்லை. பதிவு செய்துவிட்டு, உரிய தேதிக்குள் விலகாமலும் தேர்வுக்குப் போகாமலும் இருந்தால் தோல்வி என்று பதிவாகும். நம் ஊர் அரியர் மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. ஒரு தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று முறைதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை நீக்குவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்திலும் தொடர முடியாமல் போகும். ‘ப்ரூஃபுங்ஸ்ஆர்ட்னுங்’ என்ற தேர்வு ஒழுங்குமுறையில் இது இருக்கும்; முதல் வாரமே படியுங்கள்.

பல துறைகளில் இரண்டாம் வருடத்தில் வகுப்பே இருக்காது. 15 ஈசிடிஎஸ் துறைசார் சிறப்புப் படிப்பு, 15 ஆய்வு முறையும் திட்டமிடலும், 30 ஆய்வேடு. மூன்றுமே ஒரே ஆய்வுக்குழுவில் நடக்கும். குழுவை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது செமஸ்டர் நடுவிலேயே பேராசிரியர்களைப் பார்க்கத் தொடங்கினால்தான் நல்ல இடம் அமையும். ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தத் துறையில் நீங்கள் விரும்பும் பிரிவில் எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு குழு இருந்து அது நிரம்பியிருந்தால் அந்த விருப்பம் அத்தோடு முடிந்தது. உங்கள் ரேங்க் கேள்விக்கு என் பதில் இதுதான்.

விசா, காப்பீடு, வீடு மூன்றிலும் ஆளுக்கொரு பொறி இருக்கிறது. விசா மறுக்கப்பட்டால் மறுபரிசீலனை கேட்கும் வசதி 2025 ஜூலை 1 முதல் கிடையாது; புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம். ஆகவே ஆவணங்களை முதல் முறையே ஒழுங்காக வையுங்கள். காப்பீட்டில், மலிவு என்று தனியார் காப்பீட்டை எடுத்து அரசு மாணவர் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. 30 வயது வரை மாணவர் கட்டணம் உண்டு, அதை விடாதீர்கள். வீட்டில், நேரிலோ நம்பகமான ஒருவர் மூலமோ பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்பவர் ஏமாற்றுக்காரர். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையில் கட்டலாம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்குப் பதியுங்கள். வரிசை மாதக்கணக்கில் நீளும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு கட்டாயம். அதற்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் வேண்டும். பதிவுக்குக் கடிதம் தர மாட்டேன் என்பவரிடம் வாடகைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் குறி பிஎச்.டி. என்றால் வேறொரு பாதையையும் வைத்துப் பாருங்கள். ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியிலோ, அல்லது அதற்குரிய நுழைவுத் தேர்வு எழுதி நல்ல மத்தியப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஜெர்மனிக்கு பிஎச்.டி.க்குப் போகலாம். அங்கே இயற்பியல் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய ஒப்பந்த வேலை. இருபதாயிரம் யூரோவைத் தாண்டும் கடன் சுமை இல்லாமலே அதே ஆய்வகத்துக்குள் நுழையலாம். மாறாக, தொழில்துறை வேலைதான் குறி என்றால் அங்கேயே எம்.எஸ்ஸி. படிப்பதில் பொருள் இருக்கிறது. முடித்தபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், ஆனால் அந்த வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். உதவித்தொகையைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளைப் பாருங்கள். தேர்வானால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. போட்டி கடுமை, விண்ணப்பக் காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை.

கன்சல்டன்சியிடம் போகத்தான் வேண்டுமா? சேர்க்கைக்குத் தேவையில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளை இலவசமாகத் தேடலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்ப்பவருக்குக் கமிஷன் தருவதுண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களிடம் அந்த வழக்கம் இல்லை. உங்களுக்குக் கொடுத்த பட்டியலில் தனியார் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அப்படியும் படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால், விண்ணப்பங்கள் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும், பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அவர்கள் உருவாக்கிய மின்னஞ்சலுக்கு வந்த சேர்க்கைக் கடிதம் கண்ணில் படாமலே, ஏற்றுக்கொள்ளும் கடைசித் தேதி கடந்துபோவதுண்டு.